முன்வினை என்று மூடி வைக்காதே!

“எல்லாம் என் கர்மா!”

எத்தனை முறை சொல்லிவிட்டாய் இதை? அரசுத் தேர்வுப் பட்டியலில் பெயர் விடுபட்டபோது சொன்னாய். சீட்டு நடத்தியவன் இரவோடு இரவாகக் கடையைக் காலி செய்துகொண்டு ஓடியபோது சொன்னாய். கட்டியவன் குடித்துவிட்டு வந்து கை நீட்டியபோது, வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னாய். சொன்னதும் மனம் சற்று அடங்கியது, உண்மைதான். மனம் மட்டுமா அடங்கியது? உன் கையும் காலும் சேர்ந்தல்லவா அடங்கிப்போயின! கேட்க வேண்டிய கேள்வி தொண்டையிலேயே நின்றுவிட்டது. கொடுக்க வேண்டிய புகார் எழுதப்படாமலே கிடக்கிறது. படிக்க வேண்டிய புத்தகத்தின் மேல் தூசி படிகிறது.

அடுத்த வீட்டுத் துக்கம் என்றால் இந்தச் சொல் இன்னும் கூசாமல் வருகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் மயங்கி மயங்கி விழுந்துகொண்டிருப்பாள். ஷாமியானா நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “போன ஜென்மத்தில் என்ன பாவம் பண்ணினாளோ” என்பார் ஒருவர். பக்கத்தில் இருப்பவர் ஆமாம் என்று தலையாட்டுவார். அந்தத் தாயின் காதில் அது விழுந்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

வினைப்பயனை நான் மறுக்க வரவில்லை. விதைத்தது விளையும் என்பதில் எனக்கு அசையாத நம்பிக்கை உண்டு. அதனால்தான் இந்தக் கோபம். மனிதனை எழுப்பி நிற்க வைப்பதற்காகச் சொல்லப்பட்ட ஒரு பேருண்மையை, அவனைப் படுக்க வைப்பதற்கும் அடுத்தவன் மேல் சேறு பூசுவதற்கும் பயன்படுத்துகிறோமே, அந்தக் கோபம்.

பாவத்துக்குக் கிடைத்த கூலி என்று ஒரு நோயை முத்திரை குத்தி இந்த மண் ஒதுக்கி வைத்தது என்றால் அது தொழுநோய்தான். பெயரைச் சொல்லவே அஞ்சி ‘பெருவியாதி’ என்றார்கள். பெற்ற தாயையும் கட்டிய மனைவியையும் ஊருக்கு வெளியே குடிசை போட்டு இருத்தினார்கள். யாருக்கும் மனச்சாட்சி உறுத்தவில்லை. ஏன் உறுத்தும்? அதுதான் அவரவர் முன்வினை ஆயிற்றே!

1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் இந்த நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். பரம்பரையும் காரணமில்லை, பாவமும் காரணமில்லை என்று அன்றே தெரிந்துபோனது. அப்படியும் 25 ஆண்டுகள் கழித்து, 1898இல், வீடு வாசலற்ற தொழுநோயாளரைப் பிடித்து அடைத்து வைக்க ஆங்கில அரசு இங்கே ஒரு சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தை நாம் நீக்கிய ஆண்டு எது தெரியுமா? 2016. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் மணவிலக்குக் கேட்கலாம் என்ற விதி 2019 வரை நம் சட்டத்தில் உட்கார்ந்திருந்தது. நோயைக் குணமாக்கும் கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் 1981இலேயே பரிந்துரைத்துவிட்டது என்பதை நினைத்துக்கொண்டு இந்த ஆண்டுகளைத் திரும்பப் படி. மருந்து வந்து சேர்ந்த பிறகும் பல ஆண்டுகள் ‘பாவம்’ என்ற அந்தப் பழைய சொல் சட்டத்துக்குள்ளேயே உயிரோடு இருந்திருக்கிறது!

இந்த இருட்டுக்குள் ஒரு மனிதர் வந்தார். பால் பிராண்ட். 1914இல் நம் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். அடுத்த ஆண்டு, தொழுநோய் மருத்துவத்தில் புகழ்பெற்றிருந்த ராபர்ட் காக்ரேனைப் பார்க்கச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே விரல்கள் உள்நோக்கி மடங்கி, பறவையின் நகம்போலச் சுருண்ட கைகள் நூற்றுக்கணக்கில். இந்தக் கைகளுக்கு எலும்பு மருத்துவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்டார். ஒன்றுமே செய்யவில்லை என்று பதில் வந்தது.

பிராண்ட் ஒரு நோயாளியின் முடங்கிய கைக்குள் தன் கையை வைத்து, “முடிந்த அளவு இறுக்கிப் பிடி” என்றார். வலுவற்ற ஒரு தொடுதலை எதிர்பார்த்தார். இரும்புப் பிடி! நகங்கள் பதிந்து வலி தாங்காமல் மருத்துவர் துடித்துப்போனார். அந்த வலியில்தான் அவருக்கு விடிந்தது. கை அழுகிச் செத்துவிட்டது என்றல்லவா உலகம் சொல்லிக்கொண்டிருந்தது? சாகவில்லை! முன்கைத் தசைகள் உயிரோடு, பலத்தோடு இருக்கின்றன. சில நரம்புகள் கெட்டதால் சில தசைகள் மட்டும் செயலிழந்திருக்கின்றன. அப்படியென்றால் வேலை செய்யும் ஒரு தசைநாணை எடுத்துச் செயலிழந்ததன் இடத்தில் பொருத்தலாமே! வேலூரில் அப்படித் தொடங்கிய அறுவை சிகிச்சை பிறகு உலகம் முழுவதும் போனது.

ஆனாலும் ஒரு புதிர் மிஞ்சியது. விரல்கள் ஏன் குட்டையாகிக்கொண்டே போகின்றன? நோய்தான் தின்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். பிராண்ட் ஒரு நாள் சாமான் அறையின் துருப்பிடித்த பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாவி அசையவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன், மெலிந்தவன், அருகில் வந்து “நான் திறக்கிறேன்” என்று சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று வியந்தவர் கீழே பார்த்தார். தரையில் இரத்தத் துளிகள். சிறுவனின் விரலைப் பிடித்துப் பார்த்தால், சாவியின் விளிம்பு தோலையும் சதையையும் கிழித்து எலும்புவரை போயிருந்தது. பையன் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. அவனுக்கு வலிக்கவே இல்லை.

காயத்துக்குக் காயம் காரணம் தேடுவது என்று அன்றுமுதல் பிராண்டும் அவருடைய குழுவும் இறங்கினார்கள். இந்தக் கொப்புளம் எப்படி வந்தது? சூடான டம்ளர். இந்தப் புண்? சுத்தியலின் கைப்பிடியில் சிராய். உள்ளங்காலில் இந்தக் குழி? செருப்புக்குள் துருத்திய ஆணி; அதன்மேலேயே நாள் முழுக்க நடந்திருக்கிறார் மனிதர். இரவில் படுக்கும்போது இருந்த விரல்நுனி காலையில் காணவில்லை என்று சிலர் வந்தபோது கண்விழித்துக் காவல் இருந்தார்கள். நடு இரவில் ஓர் எலி வந்து, தூங்குகிறவரின் கையை முகர்ந்து, கொறிக்கத் தொடங்கியது. அவர் அசையவே இல்லை. அதற்குப் பிறகு சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களிடம் கூடவே ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

இதை மெதுவாக யோசித்துப் பார். பல நூற்றாண்டுகளாக இந்த நாடு கேட்ட கேள்வி, “யார் செய்த பாவம்?” அந்தக் கேள்வியால் ஒரே ஒரு விரலாவது காப்பாற்றப்பட்டதா? வேலூரில் கேட்ட கேள்வி, “எந்த ஆணி?” அந்தக் கேள்வியால் எத்தனை கைகள், எத்தனை கால்கள் பிழைத்தன!

நான் உன்னிடம் கேட்பதும் இதைத்தான். உன் வாழ்க்கையில் இரத்தம் கசிகிற இடத்தைப் பார்த்து எந்தப் பாவம் என்று கேட்காதே. எந்த ஆணி என்று கேள்!

வலியின் ஆன்மிகப் பொருள் எனக்கு இங்கேதான் விளங்குகிறது. வலி என்பது தண்டனை என்று நமக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். தண்டனை இல்லாமல் போனவர்களை வேலூரில் பார்த்தோமே, அவர்கள் சுகமாகவா இருந்தார்கள்? விரல் விரலாகத் தங்களை இழந்துகொண்டிருந்தார்கள். வலி தெரிகிறவன்தான் கையை நெருப்பிலிருந்து இழுத்துக்கொள்கிறான். பிராண்ட் பின்னாளில் எழுதிய நூலின் தலைப்பிலேயே வலியை யாருக்கும் வேண்டாத பரிசு என்றார். உடம்பின் வலிக்கு இது பொருந்தும் என்றால் உள்ளத்தின் வலிக்கும் பொருந்தும். செய்த தவறு உறுத்துகிறதா? நீ உயிரோடு இருக்கிறாய்! தோல்வி சுடுகிறதா? உனக்குள் ஒரு நரம்பும் சாகவில்லை! அப்பன் பெயரில் கடன் வாங்கிச் சூதாட்டச் செயலியில் இழந்துவிட்டு, இரவு தூக்கம் வராமல் புரள்கிறாயே தம்பி, அந்தப் புரளலுக்கு நன்றி சொல். அது இல்லாதவன் அடுத்த மாதமும் கடன் வாங்குவான். ஆனால் நன்றி சொல்லிவிட்டு அங்கேயே படுத்துக் கிடக்காதே. வலி வந்தது கையை இழுத்துக்கொள்ளத்தான். இன்னும் நெருப்பிலேயே கையை வைத்துக்கொண்டு “இது என் கர்மா” என்று சொல்கிறவனுக்கு எந்தத் தெய்வம் என்ன செய்ய முடியும்?

“அப்படியானால் சாத்திரங்கள் சொல்வது பொய்யா?” என்று நீ கேட்கலாம். சாத்திரத்தைத் திறந்து பார் என்கிறேன் நான். சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. மூட்டையாகக் கிடக்கும் பழவினை சஞ்சிதம். இப்பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரத்தம். இன்று நீ செய்து இனிமேல் சேர்க்கப்போவது ஆகாமியம். முதல் இரண்டில் நீ தொடக்கூடியது எது? ஒன்றுமில்லை. மூன்றாவதோ, காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை உன் கையிலேயே இருக்கிறது. நம் ஆட்களோ தொட முடியாத இரண்டைப் பற்றி ஆயுள் முழுக்கப் பேசுகிறார்கள், ஏடு பார்க்கிறார்கள், பரிகாரத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். தொடக்கூடிய ஒன்றைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை அவர்களுக்கு!

அப்பரை எடுத்துக்கொள். சூலை நோய் குடலைப் புரட்டியெடுக்க, தமக்கை திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவர் பாடிய முதல் பதிகத்தின் தொடக்கத்திலேயே, இதற்குக் காரணமாகத் தான் செய்த கொடுமைகள் எவை என்று தனக்குத் தெரியாது என்கிறார். தெரியாது! நாயனாருக்கே தன் முன்வினை தெரியவில்லை. தெரு முனையில் நிற்பவருக்கு அடுத்த வீட்டுக்காரியின் முன்வினை தெரிந்துவிட்டதாம்! அப்பர் அந்தத் தெரியாததை ஆராய்ந்துகொண்டு மிச்ச நாளைக் கழிக்கவில்லை. உழவாரத்தைக் கையில் எடுத்தார். கோயில் கோயிலாகப் போய்ப் புல்லைச் செதுக்கினார், முள்ளை அகற்றினார். எத்தனை முதுமையிலும் அந்தக் கருவி அவர் கையை விட்டு இறங்கவில்லை. நம் கோயில் சிலைகளில் அவரை அடையாளம் காட்டுவதே அந்த உழவாரம்தான்.

புத்தரிடம் இந்தக் கேள்வியை நேராகவே கேட்டிருக்கிறார்கள். ராஜகிருகத்தில் மோலியசீவகன் என்ற துறவி வந்து, மனிதன் அனுபவிக்கும் இன்பம் துன்பம் எல்லாமே முன்பு செய்ததன் பயன் என்று சிலர் சொல்கிறார்களே, உங்கள் கருத்து என்ன என்றார். சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது இந்த உரையாடல். புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார்: பித்தம், வாயு, கபம், இவை மூன்றும் சேர்ந்து கெடுவது, பருவநிலை மாற்றம், உடலைச் சரியாகப் பேணாமை, பிறர் செய்யும் தாக்குதல், இவற்றோடு கடைசியாகத்தான் வினைப்பயன். எட்டில் ஒன்று! எல்லாமே பழவினை என்கிறவர்கள், தாங்களும் அறியாத, உலகமும் ஒப்பாத ஒன்றைச் சொல்கிறார்கள் என்று அழுத்தமாக மறுத்தார். வினைக்கோட்பாட்டின் ஆசானே இப்படிச் சொல்லியிருக்க, டெங்கு வந்த குழந்தையைப் பார்த்து ‘கர்மா’ என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? வீட்டு மாடியில் மூடாமல் கிடக்கும் தண்ணீர்த் தொட்டியைப் போய்ப் பார்! விவிலியத்திலும் இப்படி ஒரு காட்சி உண்டு. பிறவிப் பார்வையற்ற ஒருவனைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இருவரும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவன் கண்ணைத் திறக்கும் வேலையில் இறங்கிவிடுகிறார் இயேசு.

ஊழ்வினையைத் தன் அடித்தளமாகவே அறிவித்துக்கொண்ட காப்பியம் சிலப்பதிகாரம். அதில் கண்ணகி என்ன செய்கிறாள்? அரசியின் சிலம்பைத் திருடியவன் என்ற பொய்ப்பழியில் கணவன் கோவலன் வெட்டுண்டு கிடக்கிறான். அன்னிய ஊர். கையில் ஒற்றைச் சிலம்பு. என் தலைவிதி என்று ஆய்ச்சியர் சேரியிலேயே அவள் அழுது முடித்திருக்கலாம். விரித்த கூந்தலோடு அரண்மனை வாயிலுக்குப் போனாள். அரசன் முகத்துக்கு நேரே நின்று, என் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கம் என்றாள். எங்கள் சிலம்புக்குள் இருப்பது முத்து என்றான் அவன். சிலம்பை உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. இதுவும் ‘எந்த ஆணி’ என்ற கேள்விதான்! ஊழைச் சொல்லி அவையில் அடங்கிப்போகவில்லை அவள். நீதி கேட்டாள், சான்று காட்டினாள்.

என் நெஞ்சை இன்னும் உலுக்குகிறவன் அந்த அரசன், பாண்டியன். அவன் பழி போட ஆள் இல்லாமலா போயிற்று? பொய் சொன்னவன் பொற்கொல்லன். விசாரிக்காமல் வெட்டியவன் காவலன். இவர்களில் ஒருவனைக் கைகாட்டியிருந்தால் அவன் அரசனாகவே இருந்திருப்பான். கோவலனின் விதி என்று சொல்லியிருந்தால் அவையே ஆமோதித்திருக்கும். பாண்டியன் யாரையும் காட்டவில்லை. கள்வன் நானே என்று சொல்லி அரியணையிலேயே உயிரை விட்டான். இன்று ஒரு பாலம் இடிந்தால் ஒப்பந்ததாரர் பொறியாளரைக் காட்டுகிறார், பொறியாளர் மழையைக் காட்டுகிறார். பெற்ற பிள்ளை வழி தவறினால் தகப்பன் தாயைக் காட்டுகிறான், தாய் ஜாதகத்தைக் காட்டுகிறாள். பொறுப்பு என்றால் என்ன என்று தெரிய வேண்டுமா? மதுரையின் அந்த அவைக்குப் போய்ப் பார்.

முற்பிறவிக் கதை சிலம்பில் வரத்தான் செய்கிறது. கோவலன் போன பிறவியில் பரதன் என்ற பெயரில் இருந்தான், சங்கமன் என்ற வணிகனைக் காட்டிக்கொடுத்தான் என்று மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது. எப்போது? நீதி கேட்டு முடித்து, அரசன் உயிர் நீத்து, மதுரை தீப்பற்றிய பிறகு! காப்பியத்தை எழுதிய இளங்கோ அந்தக் கதையை வைத்த இடத்தைக் கவனி. ஊழின் கதையை முதலில் சொல்லிக் கண்ணகியின் வாயை அடைக்கவில்லை அவர். முதலில் கேள், முதலில் நில், முதலில் போராடு. ஊழைப் பற்றிய பேச்சுக்கு அதற்குப் பிறகுதான் இடம்.

ஏழையின் வாயை அடைக்க ‘முன்வினை’ எவ்வளவு காலம் உதவியிருக்கிறது என்பதையும் மறைக்காமல் பேசுவோம். இந்தச் சாதியில் பிறந்தது உன் போன பிறவிப் பயன், பேசாமல் இரு என்று கோடிக்கணக்கானவர்களிடம் சொன்னார்கள். 1927 மார்ச் 20இல் மகாட் நகரில், சாதியைக் காட்டி அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அவரைப் பின்தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் குடித்தார்கள். அந்த ஒரு வாய்த் தண்ணீரில் அத்தனை நூற்றாண்டுப் பொய்யும் கரைந்தது.

இன்னொரு கொடுமையும் இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கிறது. “உன் எண்ணம் சரியில்லை, அதனால்தான் உனக்குப் புற்றுநோய்” என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். பழைய பாவக் கதைக்குப் புதுச் சட்டை! தன்னம்பிக்கை என்ற பெயரில் நோயாளியைக் குற்றவாளியாக்குகிறவனை நான் வெறுக்கிறேன். உனக்கு நேர்ந்தது எல்லாம் உன் குற்றம் என்று நான் சொல்லவே மாட்டேன். குடித்துவிட்டு ஓட்டி வந்தவன் உன்னை மோதினால் குற்றம் அவனுடையது. அடிபட்டு எழுந்த பிறகு என்ன செய்வது என்பது மட்டும் உன்னுடையது. அதை யாரிடமும் ஒப்படைத்துவிடாதே.

மேரி வர்கீஸ் ஒப்படைக்கவில்லை. கொச்சி அருகே செராயில் 1925இல் பிறந்தவர். வேலூரில் படித்த மருத்துவர். மகப்பேறு மருத்துவத்தில் பேரெடுக்க வேண்டும் என்று கனவு. 1954இல் ஒரு வாகன விபத்து. முகம் சிதைந்தது. தண்டுவடம் முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வும் போயிற்று, அசைவும் போயிற்று. 29 வயதுகூட முடியவில்லை. பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் என்னென்ன பாவத்தைப் பற்றி முணுமுணுத்திருப்பார்கள்! அதே வளாகத்தில் பால் பிராண்ட் இருந்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்ற வழி திறந்தது. சக்கர நாற்காலியில் அறுவை அரங்குக்குள் போனார் மேரி. தொழுநோயாளிகளின் சுருண்ட விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். தன் கால்களில் எறும்பு கடித்தால்கூடத் தெரியாத ஒரு பெண், கையில் நெருப்பு சுட்டாலும் தெரியாத மனிதர்களின் கையைத் தன் மடியருகே வைத்துக்கொண்டு தசைநாணைத் தைத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

அதோடு நிற்கவில்லை. தன்னைப்போல் முடங்கியவர்களுக்கு இந்த நாட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் பிறகு நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவத்தைக் கற்றுக்கொண்டு திரும்பினார். வேலூரில் அந்தத் துறையைத் தலைமையேற்று வளர்த்தார். 1966இல் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தங்கிச் சிகிச்சை பெற ஒரு மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ. அந்த விபத்து அவருக்கே ஏன் நேர வேண்டும் என்பதற்கு இன்றுவரை யாரிடமும் பதில் இல்லை. அதற்குப் பிறகு செய்ததற்கு வேலூரில் கட்டடமே நிற்கிறது.

துன்பத்துக்குப் பொருள் என்று ஒன்று எங்கோ ஏட்டில் எழுதி ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது, நாம் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடிபட்டவன் அடுத்து என்ன செய்கிறானோ, அதில்தான் அவன் பட்ட அடிக்குப் பொருள் உண்டாகிறது. மேரி வர்கீஸ் படுத்தே கிடந்திருந்தால் அந்த விபத்து ஒரு விபத்தாகவே முடிந்திருக்கும்.

பிராண்டின் நோயாளிகள் சிலரைப் பற்றி வேறொரு கதையும் உண்டு. அறுவை சிகிச்சையில் விரல்கள் நிமிர்ந்த பிறகு திரும்பி வந்து குறைபட்டுக்கொண்டார்களாம். முன்பெல்லாம் சுருண்ட கையை நீட்டினால் காசு விழுந்தது. நிமிர்ந்த கைக்கு யாரும் பிச்சை போடவில்லை. நோய் இருந்தது தெரிந்து யாரும் வேலையும் தரவில்லை. கையைச் சரிசெய்தால் மட்டும் போதாது என்று மருத்துவர்களுக்கு அப்போது உறைத்தது. நவஜீவ நிலையம் என்று குடிசைகள் போட்டு, தச்சுவேலை கற்றுக்கொடுத்து, மரப் பொம்மைகள் செய்யப் பழக்கினார்கள். உணர்வில்லாத கைக்கு ஏற்றபடி கருவிகளின் கைப்பிடிகளை மாற்றினார்கள். வேலை முடிந்ததும் அவரவர் தன் கையையும் காலையும் தானே பார்த்துக் காயம் தேட வேண்டும் என்பது அங்கே கட்டாயம். மருத்துவர் செய்ய வேண்டியதை மருத்துவர் செய்தார், ஊர் செய்ய வேண்டியதைச் சிலர் செய்தார்கள். தன் கையைத் தினமும் பார்த்துக்கொள்கிற வேலையை மட்டும் வேறு யாரும் செய்துகொடுக்க முடியாது.

இப்போது உன் கையைப் பார். சீட்டில் பணம் போயிற்று என்றாயே, அந்தக் கம்பெனி பதிவு பெற்றதா என்று சேரும் முன் கேட்டாயா? கேட்கவில்லை என்றால் அது ஆணி. அடுத்த முறை கேள். ஏமாற்றியவன் தப்பிவிடக் கூடாது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடு. தேர்வில் தோற்றாயா? எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில், எத்தனை கேள்வி என்று விடைத்தாளை வைத்துக்கொண்டு எண்ணிப்பார். ராகு காலத்தை எண்ணாதே. கட்டியவன் அடிக்கிறானா தங்கையே? அது உன் கர்மா இல்லை. அவன் செய்யும் குற்றம். அவன் வினை அவனுடையது, அதை உன் கணக்கில் ஏன் எழுதிக்கொள்கிறாய்? 181ஐக் கூப்பிடு. கூப்பிடப் பயமாக இருந்தால் கூப்பிடத் துணிந்த ஒருத்தியிடம் போய்ச் சொல். நீயே யாரையாவது காயப்படுத்தியிருக்கிறாயா? பரிகாரக் கோயிலுக்குப் பயணச்சீட்டு எடுக்கும் முன் அவர் வீட்டு வாசலுக்குப் போ. வாங்கிய பணம் என்றால் திருப்பிக் கொடு. பேசிய சொல் என்றால் நான் பேசியது தவறு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். சஞ்சிதம் எவ்வளவு குறையும் என்று எனக்குத் தெரியாது. ஆகாமியம் அன்றே மாறும்!

அடுத்தவர் துன்பத்துக்கு எதிரே நிற்கும்போது வாயை மூடு. காரணம் சொல்லாதே. முற்பிறவி, கிரகம், சாபம், பார்வை எதுவும் வேண்டாம். அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று பார். குழந்தைகள் சாப்பிட்டார்களா என்று கேள். மருந்துச் சீட்டு யாரிடம் இருக்கிறது, காப்பீட்டு அட்டை எங்கே, நாளை மருத்துவமனைக்கு யார் துணை போவது என்று விசாரி. உனக்கு வினைக்கோட்பாட்டில் நம்பிக்கை இருக்கிறதா? அப்படியென்றால் அந்த நேரத்தில் சோதிக்கப்படுவது அவர்கள் வினை இல்லை. உன் வினை!

இந்தியாவில் இப்போதும் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்படுகிறது. கிருமி உடலுக்குள் வந்து அறிகுறி தெரிய ஐந்து ஆண்டுகள்கூட ஆகலாம். பெரும்பாலான மனிதர்களுக்கு இதை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே இருக்கிறது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்து, அதுவும் இலவசம். முதலிலேயே வந்தால் விரல் மடங்காமல் பெரும்பாலும் காத்துவிடலாம். ஆனாலும் மறைக்கிறார்கள். பெண்ணுக்கு வரன் வராது என்று மறைக்கிறார்கள், ஊர் பாவி என்று சொல்லும் என்று மறைக்கிறார்கள். மறைத்த மாதங்களில்தான் நரம்பு சாகிறது. உன் வீட்டில், உன் தெருவில், உன்னோடு வேலை செய்கிறவர்களில் யாருக்காவது தோலில் நிறம் வெளுத்த, தொட்டால் உணர்வில்லாத ஒரு படை இருக்கிறதா? நாளைக் காலை அவரைக் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. வரிசையில் அவர் பக்கத்திலேயே உட்கார்.